மீன் தொட்டிக் கண்ணாடியில் உப்புக்கறையும் கீறலும்: என் அனுபவம்

போர்வெல் தண்ணீர் ஊற்றும் தொட்டியில், நீர்மட்டத்தை ஒட்டி வெள்ளைக் கோடு படியும். தண்ணீர் ஆவியாகிப் போக, சுண்ணாம்பு கண்ணாடியில் தங்கிவிடுகிறது. சோப்புக்கு அது அசையாது, அமிலம்தான் வேண்டும்.

மீன்களை வேறு வாளிக்கு மாற்றி, தொட்டியைக் காலி செய்துவிடுவேன். வெள்ளை வினிகரில் நனைத்த டிஷ்யூ பேப்பரைக் கறைமேல் ஒட்டி அரை மணி நேரம் விட வேண்டும். காய்ந்தால் வேலை செய்யாது, இடையில் மறுபடி நனைக்கணும். பிறகு புது பிளேடை ஈரக் கண்ணாடியில் சாய்த்துத் தள்ளினால் கறை மாவாக உதிரும். மூலையில் கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் சிலிக்கான் பசை பக்கம் பிளேடு போகவே கூடாது. அது அறுந்தால் தொட்டி கசியும். கடைசியில் நன்றாக அலசுங்கள்.

கீறலுக்கு டூத்பேஸ்ட் வீண். நகம் மாட்டாத மெல்லிய கீறல் என்றால், சீரியம் ஆக்சைடு என்ற, கண்ணாடியை மெருகேற்றும் பொடியைத் தண்ணீரில் தயிர்ப் பதத்தில் குழைத்து, டிரில்லில் ஃபெல்ட் பேட் (கம்பளி வட்டு) மாட்டி, குறைந்த வேகத்தில், ஈரம் காயாமல் தேய்க்கலாம். கண்ணாடி கையைச் சுட்டால் உடனே நிறுத்துங்கள், விரிசல் விடும். நகம் மாட்டும் கீறலைத் தொடாதீர்கள்: அந்த இடம் பள்ளமாகி, உள்ளே நீந்தும் மீன் நெளிந்து தெரியும். உள்பக்கக் கீறலோ, தண்ணீர் நிரப்பியதும் பெரும்பாலும் மறைந்துவிடும். அக்ரிலிக் தொட்டிக்கு இந்த பிளேடு ஆகாது.