கலிஃபோர்னியாவில் கார் விபத்து வழக்கு: ஜூரியின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் முறை

கார் விபத்து வழக்கில் ஜூரியின் (பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்படும் நடுவர் குழுவின்) முடிவு பாதகமாக அமைந்துவிட்டால், மேல்நீதிமன்றத்தில் வழக்கை முதலிலிருந்து நடத்தலாம் என்ற எண்ணத்தைக் கைவிட வேண்டும். தமிழ்நாட்டில் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தின் ஆணையை எதிர்த்து உயர் நீதிமன்றம் சென்றால், சாட்சியங்களை மீண்டும் எடைபோட்டு இழப்பீட்டைக் கூட்டவோ குறைக்கவோ செய்வார்கள். கலிஃபோர்னியாவிலோ, 12 ஜூரர்களில் 9 பேர் ஒத்துப்போய் எடுத்த முடிவுக்குள் மேல்நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் எளிதில் நுழைவதில்லை. விசாரணையில் சட்டப்பிழை நேர்ந்ததா, அப்பிழை இல்லாதிருந்தால் முடிவு மாறியிருக்குமா என்பதையே முக்கியமாக ஆராய்வார்கள். இங்குள்ள படிகள் 35,000 டாலருக்கு மேற்பட்ட வழக்குகளுக்கானவை. அதற்குட்பட்ட வழக்குகளுக்கு நீதிமன்றமும் கெடுவும் வேறு.

முதல் படி: தேதியைக் குறித்துக்கொள்ளுதல்

ஜூரி முடிவை வாசித்த நாளிலிருந்து கெடு தொடங்குவதில்லை. நீதிமன்றம் அதைத் தீர்ப்பாகப் பதிவுசெய்து, அப்பதிவைப் பற்றிய அறிவிப்பு உங்களுக்குச் சார்வு செய்யப்பட்ட (அதாவது, சட்டமுறைப்படி அனுப்பப்பட்ட அல்லது கொடுக்கப்பட்ட) நாளே கணக்கு. அறிவிப்பு வந்த உறையைக்கூடப் பத்திரப்படுத்துங்கள்.

இரண்டாம் படி: மறுவிசாரணை மனு

பலரும் இதைத் தாண்டி நேராக மேல்முறையீட்டுக்கு ஓடுகிறார்கள்; என் கருத்தில் எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். அறிவிப்பு சார்வு செய்யப்பட்ட 15 நாட்களுக்குள், மறுவிசாரணை கோரப்போவதாக விசாரணை நீதிமன்றத்தில் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். இழப்பீடு மிகக் குறைவு அல்லது மிக அதிகம் என்பது உங்கள் குறையானால், அதை இந்த மனுவில் எழுப்பாமல் மேல்முறையீட்டில் எழுப்ப முடியாது. மேலும், சாட்சியத்தைத் தாமே எடைபோட்டுப் பார்க்கும் அதிகாரம் விசாரணையை நேரில் கண்ட இந்த நீதிபதிக்குத்தான் உண்டு. தொகை போதாது என்று அவர் கருதினால், பிரதிவாதி கூடுதல் தொகைக்கு ஒப்புக்கொள்ளட்டும், இல்லையேல் மறுவிசாரணை நடக்கட்டும் என்று உத்தரவிடலாம். ஜூரர் ஒருவர் தாமாக விபத்து நடந்த சாலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தால், அதைப் பிரமாணப் பத்திரம் மூலம் நிரூபிக்கலாம். ஆனால் அவர் மனத்தில் என்ன நினைத்து வாக்களித்தார் என்பதைச் சாட்சியமாக ஏற்கமாட்டார்கள்.

மூன்றாம் படி: மேல்முறையீட்டு அறிவிப்பு

தீர்ப்புப் பதிவு பற்றிய அறிவிப்பு சார்வு செய்யப்பட்ட 60 நாட்களுக்குள், அந்த அறிவிப்பே வராவிட்டால் தீர்ப்பு பதிவான 180 நாட்களுக்குள், ஏபிபி-002 என்ற படிவத்தை விசாரணை நீதிமன்றத்திலேயே தாக்கல் செய்ய வேண்டும். மறுவிசாரணை மனு உரிய காலத்தில் போடப்பட்டிருந்தால் இக்கெடு ஓரளவு நீளும்; மற்றபடி ஒரு நாள் தாமதித்தாலும், காரணம் எதுவானாலும், நீதிமன்றத்தால் மன்னிக்க இயலாது. கட்டணம் 775 டாலர், அத்துடன் 100 டாலர் முன்வைப்புத் தொகை. வசதியற்றோர் விலக்குக் கோரலாம்.

பணம் செலுத்த வேண்டிய பிரதிவாதி மேல்முறையீடு செய்தால், அதனால் மட்டும் வசூல் நின்றுவிடாது. வசூலை நிறுத்த, உத்தரவாத நிறுவனத்தின் மூலம் தீர்ப்புத் தொகையைப் போல் ஒன்றரை மடங்குக்குப் பிணைப்பத்திரம் கொடுக்க வேண்டும். இதற்கிடையே பொதுவாக ஆண்டுக்கு 10 சதவீத வட்டியும் ஏறிக்கொண்டிருக்கும்.

நான்காம் படி: வழக்குப் பதிவேடு

மேல்முறையீட்டு அறிவிப்பைத் தாக்கல் செய்த 10 நாட்களுக்குள், எந்தெந்த ஆவணங்களும் எந்தெந்த நாட்களின் வாய்மொழிப் பதிவும் தேவை என்று குறிப்பிட வேண்டும். சிவில் வழக்குகளில் பல நீதிமன்றங்கள் சுருக்கெழுத்தரைத் தாமாகத் தருவதில்லை. கட்சிக்காரரே அமர்த்த வேண்டும். பதிவு இல்லையென்றால் பிழையைக் காட்ட வழியில்லை, தீர்ப்பு சரியென்றே கொள்ளப்படும். விசாரணையின்போது உங்கள் வழக்கறிஞர் எழுந்து ஆட்சேபிக்காமல் விட்டவற்றுக்கும் பெரும்பாலும் இதே கதிதான்.

ஐந்தாம் படி: பிழையைத் தேர்ந்தெடுத்து வாதிடுதல்

பதிவேடு வந்த 40 நாட்களுக்குள் எழுத்துமூல வாதம் தாக்கலாக வேண்டும். 14,000 சொற்கள் வரை அனுமதி. ஜூரிக்கு நீதிபதி சட்டத்தைத் தவறாக விளக்கினார் என்பது போன்ற தூய சட்டக் கேள்விகளை மேல்நீதிமன்றம் புதிதாக ஆராயும். சாட்சியத்தை அனுமதித்ததில் பிழை என்றால் விசாரணை நீதிபதியின் விருப்புரிமைக்கு (தாமே முடிவெடுக்கும் உரிமைக்கு) இடம் கொடுக்கும். சாட்சியம் போதாது என்ற வாதமோ மிக அரிதாகவே எடுபடும். அப்படி வாதிடுபவர் தமக்கு எதிரான சாட்சியங்களையும் மறைக்காமல் எடுத்துரைக்க வேண்டும்.

சட்டக் கேள்வியின் வலிமைக்கு 2011-இல் முடிந்த ஹாமில்டன் மீட்ஸ் வழக்கு நல்ல சான்று. நிறுவன ஓட்டுநர் ஒருவரால் காயமுற்ற பெண்ணுக்கு ஜூரி மருத்துவச் செலவாக ஏறத்தாழ 1,90,000 டாலர் அளித்தது. காப்பீட்டு நிறுவனம் உண்மையில் கட்டிய தொகை அதைவிட மிகக் குறைவு என்று விசாரணை நீதிபதி சுமார் 1,30,000 டாலரைக் கழித்தார். மேல்நீதிமன்றம் அந்தக் கழிவை ரத்துசெய்தது. மாநில உச்ச நீதிமன்றமோ கழித்தது சரியே என்றது.

எதிர்த்தரப்பின் பதிலுக்கு 30 நாட்கள், உங்கள் மறுமொழிக்கு 20 நாட்கள். பிறகு வாய்மொழி வாதம்; அங்கே புதிய சாட்சியத்துக்கு இடமில்லை. வழக்கு முடிவுக்கு ஒப்படைக்கப்பட்ட 90 நாட்களுக்குள் தீர்ப்பு வர வேண்டும்; தவறினால் நீதிபதிகளுக்குச் சம்பளம் கிடையாது என்று மாநில அரசியலமைப்பே விதித்திருப்பதால், இக்கெடுவை நம்பலாம்.

அங்கும் தோற்றால், தீர்ப்பு வெளிவந்த 30 நாட்களில் இறுதியாகும். அதற்கடுத்த 10 நாட்களுக்குள் மாநில உச்ச நீதிமன்றத்தில் மறுஆய்வு மனு போடலாம். ஆனால் பல வழக்குகளைப் பாதிக்கும் சட்டக் கேள்வி இருந்தாலொழிய அம்மனுவை ஏற்கமாட்டார்கள்.