மறதி நோய்க்குப் புதிய மருந்து: ஆய்வுச் செய்தியை வாசிக்கும் முறை

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ மறதி நோயுற்ற தாயைப் பராமரிக்கும் பிள்ளைகளுக்கு, கனடாவிலுள்ள உறவினர் ‘அல்சைமர் நோயின் வேகத்தை 27 சதவீதம் குறைக்கும் மருந்து’ என்ற செய்தியை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், காணியை விற்பதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர் அந்த ஆய்வில் யார் சேர்க்கப்பட்டார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். லெக்கனெமாப் என்னும் அம்மருந்தைப் பற்றி 2022 நவம்பரில் வெளியான ஆய்வில் பங்குபற்றிய 1795 பேரும் நோயின் ஆரம்ப நிலையில் இருந்தவர்கள். அல்சைமர் நோயில் மூளையில் சேரும் அமிலொயிட் என்னும் புரதம் படிந்திருப்பது பரிசோதனையால் உறுதிசெய்யப்பட்டவர்கள். ஆகவே, பிள்ளைகளையே அடையாளம் காண முடியாத நிலையை அடைந்துவிட்டவருக்கோ, பக்கவாதத்தால் மட்டும் மறதி வந்தவருக்கோ அந்த முடிவைப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

அடுத்து, சதவீதத்தை ஒருபுறம் வைத்துவிட்டுப் புள்ளிகளைத் தேடுங்கள். இதைவிட முக்கியமான படி வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம். ஞாபகசக்தி, வீட்டுக் காரியங்கள், தன்னைத் தானே பராமரித்தல் முதலியவற்றை மதிப்பிடும், 0 முதல் 18 வரையான அளவுகோலில், 18 மாதங்களின் பின்னர் மருந்து பெற்றவர்களின் நிலை சராசரியாக 1.21 புள்ளியும், ஒப்பிடுவதற்காக மருந்துச் சத்து எதுவுமற்ற போலி மருந்து பெற்றவர்களின் நிலை 1.66 புள்ளியும் மோசமடைந்திருந்தன. வேறுபாடு 0.45 புள்ளி, அதை 1.66 ஆல் வகுத்தால் வருவதே அந்த 27 சதவீதம். இரு தரப்பாரும் நலிவடைந்தார்கள், ஒரு தரப்பார் சற்று மெதுவாக நலிவடைந்தார்கள். இழந்த ஞாபகம் திரும்பியதாக ஆய்வு சொல்லவில்லை. இவ்வளவு சிறிய வேறுபாட்டை வீட்டிலுள்ளவர்கள் உணர முடியுமா என்பதில் நரம்பியல் நிபுணர்களிடையே இன்றும் ஒத்த கருத்து இல்லை.

பக்கவிளைவுகளைக் கூறும் பந்தியைத் தாண்டிச் செல்லாதீர்கள். மருந்து பெற்றவர்களில் 12.6 சதவீதமானோருக்கு மூளையில் வீக்கம் ஸ்கேனில் தென்பட்டது. போலி மருந்து பெற்றவர்களில் அது 1.7 சதவீதம். மருந்து பெற்று வீக்கம் தென்பட்டவர்களுள் பெரும்பாலானோருக்கு அறிகுறி எதுவும் இல்லை என்றாலும், மூளைக்குள் இரத்தக்கசிவும் ஏற்படக்கூடும் என்பதால், இருதய நோய்க்காக வார்ஃபரின் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள் இதை மிகக் கவனமாக வாசிக்க வேண்டும். ஆய்வில் இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை நாளத்தினூடாக மருந்து ஏற்றப்பட்டது. இடையிடையே எம்ஆர்ஐ ஸ்கேனும் தேவை. செலவைக் கணக்கிடும்போது மருந்தின் விலையோடு இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆய்வின் சுருக்கத்தை, மருத்துவ ஆய்வுகளைத் தேடிப் பார்க்க உதவும் பப்மெட் (PubMed) இணையத்தளத்தில் இலவசமாகப் பெறலாம். அதை அச்சிட்டு, கிளினிக் கொப்பி, பழைய ஸ்கேன்கள், தற்போது எடுக்கும் மருந்துகளின் பட்டியல் ஆகியவற்றுடன் நரம்பியல் வைத்திய நிபுணரிடம் கொண்டுசெல்லுங்கள். புதிய மருந்தைப் பற்றிக் கேட்கும் அதே வேளையில், தைரொயிட் குறைபாடு, பி12 விற்றமின் குறைபாடு, மனச்சோர்வு ஆகிய, சிகிச்சையளிக்கக்கூடிய காரணங்கள் ஏற்கெனவே பரிசோதிக்கப்பட்டனவா என்பதையும் தவறாமல் கேளுங்கள்.