தமிழில் முதல் திரைக்கதை: ஒரு பக்கம் ஒரு நிமிடம் ஆகாது

பினாங்கில் நண்பர்களோடு ஒரு குறும்படம் எடுத்தோம். போட்டி விதிப்படி 10 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. என் திரைக்கதை 7 பக்கம் வந்தது. திரைக்கதையில் ஒரு பக்கம், படத்தில் ஒரு நிமிடம் என்று எல்லா இடத்திலும் படித்திருந்ததால், இன்னும் இடம் இருக்கிறது என்று நம்பி படகுத்துறையில் இன்னொரு காட்சியும் சேர்த்தேன். எடிட்டிங்கில் உட்கார்ந்தால் 14 நிமிடம். அப்படிச் சேர்த்த காட்சியைத்தான் முதலில் வெட்ட வேண்டியிருந்தது. அதற்காக நான்கு பேர் ஒரு ஞாயிறு முழுக்க வெல்ட் கீ படகுத்துறை வெயிலில் நின்றிருந்தார்கள். அது எனக்கு இன்னும் வலிக்கிறது. அந்தத் தப்பு எங்கே நடந்தது, இப்போது எப்படி எழுதுகிறேன் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். கதை யோசிப்பது பற்றி இதில் இல்லை. கதை கையில் இருக்கிறவர்களுக்கு இது.

1. ஒன்லைன்

தமிழ் சினிமாக்காரர்கள் சொல்லும் அதே ஒன்லைன்தான். ஒவ்வொரு காட்சிக்கும் ஒரே ஒரு வரி: எங்கே, யார், காட்சி முடியும்போது என்ன மாறியிருக்கிறது. எதுவும் மாறவில்லை என்றால் அந்தக் காட்சி வேண்டாம். எங்கள் கதை இது: படகுத்துறையில் வேலை பார்க்கும் அப்பாவுக்கு மகள் சாப்பாடு கொண்டு போகிறாள். அப்பாவுக்கு வேலை போய்விட்டது என்பது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. இந்த அளவு கதைக்கு 7, 8 காட்சி போதும்.

2. கண்ணுக்குத் தெரிவதும் காதில் விழுவதும் மட்டும்

சிறுகதை எழுதிப் பழகியவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். என் முதல் வரைவில் இப்படி இருந்தது: “அப்பாவைப் பார்த்ததும் செல்விக்கு நெஞ்சு கனத்தது.” ஒளிப்பதிவு செய்த தம்பி, “அக்கா, இதை நான் எங்கே கேமரா வைத்து எடுக்கிறது?” என்று கேட்டான். திருத்தியது இது:

“செல்வி பொட்டலத்தை நீட்டுகிறாள். அப்பாவின் சட்டையில் பெயர் அட்டை இல்லை. ஊசி குத்திய இரண்டு ஓட்டைகள் மட்டும் இருக்கின்றன. செல்வி சட்டென்று தண்ணீர் போத்தலைத் திறக்கத் தொடங்குகிறாள்.”

எல்லாம் நிகழ்காலத்தில். “நினைத்தாள்”, “உணர்ந்தாள்” என்று வரும் வரிகளை எல்லாம் தேடிப் பிடித்து இப்படி மாற்றுங்கள்.

3. எழுதும் கருவி

முதல் படத்துக்கே காசு கொடுத்து மென்பொருள் வாங்காதீர்கள். நான் ஃபவுண்டன் முறையில் எழுதுகிறேன். ஜான் ஆகஸ்ட், ஸ்டூ மாஷ்விட்ஸ் முதலானவர்கள் 2012இல் வெளியிட்ட இலவச எழுத்து முறை இது. சாதாரண உரைக் கோப்பில் சில குறிகளோடு எழுதினால், செயலி அதைத் திரைக்கதை வடிவத்துக்கு மாற்றிக் கொடுக்கும். மேக் கணினியில் பீட் என்ற இலவசச் செயலி எனக்குப் பிடித்தது. தமிழ் தட்டச்சுக்கு நம் மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல், கைப்பேசியில் செல்லினம். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

நான் இரண்டு இரவு மாட்டிக்கொண்டது இங்கேதான். பாத்திரத்தின் பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதினால், அது பேசுகிறவர் பெயர் என்று ஃபவுண்டன் புரிந்துகொள்ளும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாதே! “செல்வி” என்று எழுதினால் அது பெயரா விவரணையா என்று செயலிக்குத் தெரியவில்லை. வசனம் எல்லாம் விவரணையோடு கலந்து இடது ஓரத்தில் போய் நின்றது. நான் இடைவெளிகளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தீர்வு மூன்று குறிகள்தான். பெயருக்கு முன்னால் @ போடுங்கள். காட்சித் தலைப்புக்கு முன்னால் ஒரு புள்ளி. விவரணை தவறிப்போய் பெயராக மாறினால் அதன் முன்னால் ஆச்சரியக்குறி. இப்படி:

.வெளி – படகுத்துறை – மாலை

அப்பா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். பட்டர்வொர்த் ஃபெரி கரையை விட்டு நகர்கிறது.

@செல்வி
(பொட்டலத்தைப் பிரித்தபடி)
மீ கோரேங் புங்குஸ் பண்ணிட்டு வந்தேன்பா. சூடா இருக்கு, சாப்பிடுங்க.

@அப்பா
இன்னும் வேலை முடியலமா. வை, அப்புறம் சாப்பிடுறேன்.

தலைப்புக்கு மேலும் கீழும் ஒரு வரி வெற்றாக விடுங்கள். பெயருக்கு மேலே ஒரு வெற்று வரி வேண்டும். ஆனால் பெயருக்கும் வசனத்துக்கும் நடுவில் வெற்று வரி இருக்கவே கூடாது. இருந்தால் எல்லாம் மறுபடி கலைந்துவிடும்.

4. நேரம்

இப்போது அந்த 14 நிமிடத்துக்கு வருகிறேன். “ஒரு பக்கம் ஒரு நிமிடம்” என்ற கணக்கு கூரியர் எழுத்துருவுக்கு, அதுவும் 12 புள்ளி அளவுக்குச் சொன்னது. அதில் எல்லா எழுத்தும் ஒரே அகலம், அங்குலத்துக்கு 10 எழுத்து. வசனமும் பக்கத்தின் நடுவில், சுமார் மூன்றரை அங்குல அகலத்தில்தான் ஓடும். தமிழில் ‘ர’வும் ‘ணௌ’வும் ஒரே அகலம் ஆகுமா? அதோடு நான் வேர்டில் 10 புள்ளி எழுத்தில், வசனத்தைப் பக்கத்தின் முழு அகலத்துக்கும் ஓடவிட்டு எழுதியிருந்தேன். அந்தச் சில பக்கத்துக்குள் 14 நிமிடம் அடைந்து கிடந்தது, எனக்குத் தெரியவில்லை.

அதனால் பக்கத்தை எண்ணாதீர்கள். கைப்பேசியில் ஸ்டாப்வாட்ச் வைத்து, காட்சி காட்சியாக வாய்விட்டுப் படியுங்கள். வசனத்தைப் பேசும் வேகத்திலேயே பேசுங்கள். செயலைப் படிக்க வேண்டாம், செய்து பாருங்கள். பொட்டலத்தைப் பிரிக்க எவ்வளவு நேரம்? நான் கட்டிவந்த (அதுதான் புங்குஸ்) மீ கோரேங், அதாவது வறுத்த நூடுல்ஸ் பொட்டலத்தை வைத்து அளந்தேன். ரப்பரைக் கழற்றி, காகிதத்தை விரிக்க 11 விநாடி. எழுத்தில் அது இரண்டே சொல். காட்சித் தலைப்பின் பக்கத்தில் விநாடிகளைக் குறித்து, கடைசியில் கூட்டுங்கள்.

காகித அளவையும் பாருங்கள். பல செயலிகள் அமெரிக்க அளவில் திறக்கும், ஏ4க்கு மாற்றிவிடுங்கள்.

5. வசனம்

தயவுசெய்து சென்னைப் படத்துத் தமிழில் எழுதாதீர்கள். பினாங்கு மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) உட்கார்ந்து அரை மணி நேரம் காது கொடுத்துக் கேளுங்கள். மலாய்ச் சொல், இங்குள்ள சீனர்கள் பேசும் ஹொக்கியன் சொல், வாக்கியக் கடைசியில் ஒட்டும் “லா” எல்லாம் நம் வீட்டுப் பேச்சில் இயல்பாக வருகின்றன. அதை வெட்டினால் உங்கள் பாத்திரம் எந்த ஊர்க்காரர் என்றே தெரியாமல் போய்விடும். “லா”வை வரிக்கு வரி ஒட்டினாலும் பொய்யாகிவிடும்.

பின்சேர்க்கை

தமிழ் படிக்கத் தெரியாத நடிகருக்கு என்ன செய்வது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். தேசியப் பள்ளியில் (மலாய்வழிப் பள்ளி) படித்து, தமிழ் நன்றாகப் பேசுகிற ஆனால் வாசிக்க முடியாத பிள்ளைகள் இங்கே நிறைய. நல்ல நடிகரை அதற்காக விட்டுவிடாதீர்கள். மூலப் பிரதி தமிழிலேயே இருக்கட்டும். அவர் வசனத்தை மட்டும் ரோமன் எழுத்தில் தனியாக எழுதிக் கொடுங்கள். அதோடு, ஒவ்வொரு காட்சியையும் நீங்களே பேசி வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்புங்கள். நான் இப்போது எல்லா நடிகர்களுக்கும் அப்படித்தான் அனுப்புகிறேன். பதிவின் கீழே அதன் நீளமும் தெரியும், அந்த விநாடியை அப்படியே காட்சித் தலைப்பின் பக்கத்தில் எழுதிக்கொள்கிறேன்.