விடியற்காலைப் படம் மட்டும் கலங்கிய காரணம்

இலங்கையின் மஸ்கெலியாவில், மவுசாக்கலை நீர்த்தேக்கக் கரையிலிருந்து யாத்திரை மலையான சிவனொளிபாதமலையை என் கைத்தொலைபேசியின் 3 மடங்கு உருப்பெருக்கத்தில் எடுத்த விடியற்காலைப் படங்கள் யாவும் ஈரத் துணியால் இழுத்துவிட்ட வர்ணம்போல் கலங்கியிருந்தன. அதே இடத்தில் காலை 9 மணிக்கு எடுத்தவற்றிலோ எதிர்க்கரைத் தேயிலை வரிசைகளை எண்ணிவிடலாம்.

பனி படிந்திருக்குமென வில்லையைத் துடைத்தேன். முக்காலியில் பொருத்தி, 2 வினாடித் தாமதத்தில் எடுத்தேன். கடையொன்றில் வில்லையின் மேற்கண்ணாடியையும் மாற்றினேன். நான்கு நாட்கள் வீணாயின.

ஐந்தாம் நாள் படங்களின் விபரங்களைத் திறந்தபோதுதான் விடயம் பிடிபட்டது. 9 மணிப் படத்தில் துளை அளவு (ஒளி புகும் திறப்பைக் குறிக்கும் எண்) 2.4, விடியற்காலைப் படத்தில் 1.8. முன்னது தூரப் படங்களுக்கான தனி வில்லையாகிய தொலைவில்லையினது, பின்னது முதன்மைக் கமராவினது. வெளிச்சம் குறைந்தால், தொலைவில்லையைக் கைவிட்டு, முதன்மைக் கமராவின் படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெருப்பித்துத் தருகிறது தொலைபேசி. ஒன்பதில் ஒரு பங்கு பரப்பே எஞ்சும். திரையோ 3 என்றே காட்டும். தொலைவில்லையை விரலால் மூடிப் பார்த்தேன், திரை இருளவேயில்லை.

தானியங்கி முறையை விட்டு, தொழில்முறைப் பயன்முறையில் தொலைவில்லையை நானே தெரிவுசெய்து, ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 100, திறப்பு நேரம் 1 வினாடி, குவியம் முடிவிலி (மிகத் தொலைவு) என நிறுத்தி, முக்காலியிலிருந்து ரோ கோப்பாக (பதப்படுத்தாத மூலக் கோப்பாக) எடுத்தேன். விரலால் மூடியதும் இம்முறை திரை இருண்டது, மனம் ஆறியது. யாத்திரைக் காலமாதலால், படிக்கட்டு விளக்குகள் மறுநாள் படத்தில் தனித்தனிப் புள்ளிகளாக உச்சிவரை ஏறியிருந்தன.