ஆதார் ஜெராக்ஸை நீட்டும் முன்: அரசு அலுவலகங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரி கலெக்டர் ஆபீஸுக்குத் திங்கட்கிழமை மனு கொடுக்க வருபவர்கள் பலரின் கவரில் ஒரே கட்டுதான் இருக்கும். ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், பாஸ்புக் முதல் பக்கம், சில நேரம் பான் கார்டும். தெருவிளக்கு எரியவில்லை என்ற மனுவுக்கும் இதே கட்டுதான். எதற்கு என்று கேட்டால், "எதுக்கும் இருக்கட்டும்னு வெச்சேன் சார்" என்பார்கள்.

நான் பார்த்தவரை மிகப் பெரிய தவறு இதுதான். தெருவிளக்கு மனுவுக்குப் பெயர், முகவரி, போன் நம்பர் போதும். அந்த மனு கலெக்டர் ஆபீஸோடு நிற்பதில்லை. பி.டி.ஓ. ஆபீஸுக்குப் போகும், அங்கிருந்து பஞ்சாயத்துக்குப் போகும். போகும் இடமெல்லாம் உங்கள் வங்கிக் கணக்கு எண்ணும் கூடவே போகும்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அது முழுதாக அமலுக்கு வந்த பிறகு, தேவை முடிந்ததும் விவரத்தை அழிக்கச் சொல்லி ஒரு தனியார் கம்பெனியிடம் கேட்கலாம். அரசுத் துறைகளுக்கு அந்தக் கடமை கிடையாது. சட்டத்தின் 17-ஆம் பிரிவே விலக்குக் கொடுத்திருக்கிறது. மேலும், அந்தச் சட்டம் டிஜிட்டல் வடிவில் இருக்கும் விவரத்துக்குத்தான். யாரும் ஸ்கேன் செய்யாமல் ஃபைலில் கிடக்கும் ஜெராக்ஸ் அதற்குள் வராது. ஆக, கொடுத்துவிட்டுப் பிறகு திரும்பப் பெற வழி இல்லை. யோசிப்பதைக் கொடுப்பதற்கு முன்பே யோசித்துவிட வேண்டும்.

அதற்காக எதையும் கொடுக்காமலே இருந்துவிடவும் முடியாது. உதவித்தொகை, மானியம் போன்றவற்றுக்கு ஆதார் கேட்க ஆதார் சட்டத்தின் 7-ஆம் பிரிவு இடம் தருகிறது. அங்கே முழு எண்ணையும் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆள் அடையாளத்துக்கு மட்டும் கேட்கும் இடங்களில், கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைக் கொடுங்கள். ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். 2022 மே மாதம் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் 'கண்ட இடத்தில் நகல் கொடுக்காதீர்கள்' என்று அறிக்கை விட, தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று அதை உடனே திரும்பப் பெற்றார்கள். அந்தக் குழப்பத்தில், மறைத்த ஆதாரே செல்லாது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது செல்லும்.

நகல் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், அதன் மேலேயே பேனாவால் எழுதிக் கொடுங்கள்: 'வருமானச் சான்று மனுவுக்கு மட்டும்', தேதி, கையெழுத்து. ஓரத்தில் எழுதினால் மறைத்துவிட்டு மறு நகல் எடுத்துவிடலாம். படத்தையும் எண்ணையும் தொட்டுக்கொண்டு, ஆனால் படிக்க முடிகிற மாதிரி, குறுக்கே எழுத வேண்டும். இதைச் செய்தால் ஆபீஸில் கோபிப்பார்களோ என்ற தயக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. அந்தத் தயக்கம் தேவையில்லை. வாங்குகிறவருக்கு அதனால் எந்த நஷ்டமும் இல்லை.

அடுத்து ஜெராக்ஸ் கடை. தாலுகா ஆபீஸ் பக்கத்துக் கடைக்குப் போனால், "இந்த நம்பருக்கு வாட்ஸ்அப்ல அனுப்புங்கண்ணா" என்பார்கள். ஃபைல் கடையின் கம்ப்யூட்டரில் இறங்கும், பிரிண்ட் வரும், பத்து ரூபாயைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவோம். அந்தக் கம்ப்யூட்டரின் டவுன்லோடு ஃபோல்டரை ஒருமுறை எட்டிப் பாருங்கள். முன்பின் தெரியாத எத்தனையோ பேரின் ஆதார், சாதிச் சான்று, பட்டா எல்லாம் வரிசையாகக் கிடக்கும். பிடிஎஃப்-க்குத்தான் பாஸ்வேர்டு இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். இ-ஆதாரின் பாஸ்வேர்டு, பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த வருடமும்தான். உங்கள் பெயரும் வயதும் தெரிந்தவருக்கு அது பூட்டே இல்லை. பிரிண்ட் எடுத்ததும், "தம்பி, என் ஃபைலை அழிச்சிடுங்க" என்று சொல்லி, ரீசைக்கிள் பின்னிலிருந்தும் போகும் வரை நின்று பாருங்கள். கடைக்காரரைச் சந்தேகப்பட வேண்டும் என்பதில்லை. அவர் நல்லவராகவே இருந்தாலும் அந்தக் கம்ப்யூட்டரில் பலர் கை படும்.

சட்டத்தைப் பற்றி இரண்டு தவறான எண்ணங்கள் உலவுகின்றன. ஒன்று, 'அரசாங்கம் கேட்டால் எதையும் கொடுக்க வேண்டியதுதான்' என்பது. 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். அதில் அரசு தலையிட வேண்டுமானால் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், தேவைக்கு மீறியும் போகக் கூடாது. ஆதார் இல்லை என்பதற்காகக் குழந்தையைப் பள்ளியில் சேர்க்க மறுக்க முடியாது என்பதும் 2018 ஆதார் தீர்ப்பில் தெளிவாகவே இருக்கிறது.

இன்னொன்று, 'புதுச் சட்டம் வந்தாச்சு, இனி எல்லாம் பத்திரம்' என்பது. மேலே சொன்ன தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. தரவை வைத்திருப்பவர்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே அமலுக்கு வருகின்றன. அமலுக்கு வந்த பிறகும், சலுகையும் சான்றிதழும் வழங்கும் வேலைகளுக்கு அரசு ஒவ்வொரு முறையும் உங்கள் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டிருக்காது. ஆனால் தேவையான அளவுக்கு மட்டும் வாங்க வேண்டும், பத்திரமாக வைத்திருக்க வேண்டும், கேள்வி கேட்க ஒரு தொடர்பு விவரம் தர வேண்டும் என்று விதிகள் சொல்கின்றன. "இது எதுக்குங்க சார் வேணும்?" என்று கவுன்டரில் கேட்பது அடாவடி ஆகாது.

இதே சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் கை வைத்திருக்கிறது. 8(1)(j) பிரிவு முன்பு, பொதுப்பணியோடு தொடர்பில்லாத, அல்லது ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையில்லாமல் நுழைகிற தகவலைத்தான் மறுக்கலாம் என்றது. இப்போது தனிப்பட்ட தகவல் என்றாலே மறுக்கலாம். எனக்கு இது வருத்தமான மாற்றம். ஆகவே பெயர்ப் பட்டியல் கேட்டு மனு போடுவது இப்போது தவறான வழி. 'பென்னாகரம் தாலுகாவில் இந்த ஆண்டு முதியோர் உதவித்தொகை கேட்டு வந்த மனுக்கள் எத்தனை, தள்ளுபடி ஆனவை எத்தனை, ஒவ்வொரு காரணத்துக்கும் எத்தனை' என்று எண்ணிக்கையாகக் கேளுங்கள். பெயர் கட்டாயம் வேண்டும் என்றால், பொதுநலன் பெரிது எனில் கொடுக்கலாம் என்னும் 8(2) பிரிவு அப்படியே இருக்கிறது. மனுவிலேயே அதைக் குறிப்பிட்டு, பொதுநலன் என்ன என்று எழுதுங்கள். உங்கள் சொந்த மனுவின் நிலையைக் கேட்டதற்கே 'தனிப்பட்ட தகவல்' என்று பதில் வந்தால், 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போடுங்கள். அப்புறம், இந்த மனுவோடும் முதலில் சொன்ன நகல் கட்டை இணைக்க வேண்டாம். தொடர்புகொள்ளத் தேவையானதைத் தவிர வேறு சொந்த விவரம் தர வேண்டியதில்லை என்று 6(2) பிரிவே சொல்கிறது.

சில சமயம் தவறு அலுவலகத்தின் பக்கம் நடக்கும். பயனாளிகள் பட்டியல் ஆதார் எண்ணோடு நோட்டீஸ் போர்டில் ஒட்டப்படும், அல்லது ஊர் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும். ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடக் கூடாது என்பது ஆதார் சட்டத்தின் 29(4) பிரிவு. அப்போது நாம் செய்யும் தவறு, 'பாருங்க அநியாயத்தை' என்று அதே பட்டியலை நாலு குழுவுக்கு அனுப்புவது. ஆதாரத்துக்கு ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, எங்கே, எந்தத் தேதியில் பார்த்தீர்கள் என்று கலெக்டருக்கு மனு கொடுங்கள். 1947 என்ற எண்ணில் ஆதார் ஆணையத்திடமும் சொல்லலாம்.

வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், வயது, கதவு எண் எல்லாம் இருக்கிறது. சர்வே எண் தெரிந்தால் பட்டா விவரத்தை இணையத்தில் பார்க்கலாம். ஆகவே போனில் ஒருவர் இவற்றைச் சரியாகச் சொல்வதாலேயே அவர் அரசு ஊழியர் ஆகிவிட மாட்டார். உரிமைத் தொகை நின்றுவிடும், ஓடிபி சொல்லுங்கம்மா என்றால் போனை வைத்துவிடுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

கைரேகையையும் பூட்டி வைக்கலாம். ஆதார் செயலியிலோ இணையதளத்திலோ பயோமெட்ரிக் லாக் என்று இருக்கும். அதைப் போட்டுவிட்டால் உங்கள் விரலை வைத்து யாரும் பணம் எடுக்க முடியாது. ஆனால் ரேஷன் கடை மெஷினும் உங்கள் விரலை ஏற்காது. அரிசி வாங்கப் போகும் நாளில், வரிசையில் உங்கள் முறை வரும்போது தற்காலிகமாகத் திறந்துகொள்ளுங்கள். வீட்டில் பெரியவர்கள்தான் கடைக்குப் போகிறார்கள் என்றால் இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் பூட்டுங்கள்.