நார்த்தங்காயில் பூத்த பூஞ்சை

கொல்லையில் நிற்கும் நார்த்தை மரம் போன வருடம்தான் ஒழுங்காகக் காய்த்தது. அதற்கு முன் கொழுந்தையெல்லாம் புழு தின்றுவிடும். இலைமேல் காக்கை எச்சம் போலக் கிடக்கும். தொட்டால் சிவந்த கொம்பை நீட்டி நாற்றமடிக்கும். தினமும் காலையில் கையால் பொறுக்கியே ஒழித்தேன்.

காய் கிடைத்த ஆசையில் இருபதைச் சுருளாக நறுக்கி, உப்பு திணித்து ஜாடியில் போட்டேன். ஐந்தாம் நாள் மேலே பஞ்சு போல வெள்ளைப் பூஞ்சை. மொத்தமும் குப்பைக்குழிக்குப் போயிற்று. தவறு என்னுடையதுதான்: கழுவிய ஈரத்தோடு நறுக்கியிருக்கிறேன், உப்பிலும் கஞ்சத்தனம்.

இரண்டாம் முறை காய்களைத் துடைத்து நிழலில் உலரவிட்டேன். கிலோவுக்கு 200 கிராம் கல்லுப்பு, சிறிது மஞ்சள்தூள், வெயிலில் காய்ந்த ஜாடி. தினமும் குலுக்கினேன். நான்காம் நாளிலிருந்து பகலெல்லாம் சுருள்கள் தட்டில் வெயில் காயும். மாலையில் மீண்டும் உப்புநீருக்குள். நீர் முழுதும் வற்றப் பத்து நாளாயிற்று.

இப்போதும் தோலில் ஏதோ வெள்ளையாகப் பூத்திருக்கிறது. முதலில் பதறிவிட்டேன். விரலால் தேய்த்தால் மணல் போல உதிர்கிறது, உப்புதான். பழைய சோற்றுக்கு ஒரு துண்டு போதும்.