ஆக்கர் கடைக்கு (பழைய பேப்பர் கடைக்கு) போடும் முன்: வீட்டுக் காகிதங்களைப் பிரிப்பதும் அழிப்பதும்

பீரோவில் இருக்கும் அத்தனையையும் தரையில் கொட்டி மூன்றாகப் பிரியுங்கள். பத்திரம், பட்டா, உயில், பிறப்பு இறப்புச் சான்று, கடன் அடைத்த ரசீது: இவை என்றைக்கும் வேண்டும். வருமான வரிக் காகிதங்களை எட்டு ஆண்டு வைத்திருந்தால் போதும் என்பது என் கணக்கு. கட்டி முடித்த கரண்ட் பில்லை, அடுத்த பில்லில் பாக்கி இல்லை என்று பார்த்ததும் அழிக்கலாம்.

குமரி மாவட்டத்திலும் செங்கோட்டைப் பக்கமும் சிக்கல் தருவது முதல் குவியல்தான். இந்தப் பகுதிகள் 1949 வரை திருவிதாங்கூர் சமஸ்தானத்தில், பிறகு 1956 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டோடு (அன்றைய சென்னை மாநிலம்) சேரும் வரை திருக்கொச்சி மாநிலத்தில் இருந்தன. ஆகவே தாத்தா காலத்துப் பத்திரம் மலையாளத்தில், கொல்லம் ஆண்டில் (மலையாள ஆண்டுக் கணக்கில்) இருக்கலாம். '1118 மேடம்' (மேடம் என்பது மலையாள மாதம்) என்பதைப் பத்திர எண் என்று நினைத்து ஒதுக்கிவிடுவார்கள். ஆங்கில ஆண்டு தெரிய, மலையாள ஆண்டின் முதல் மாதமான சிங்கம் (ஆகஸ்ட் நடு) முதல் டிசம்பர் வரை என்றால் 824, ஜனவரி முதல் கடைசி மாதமான கர்க்கடகம் முடிய 825 கூட்டுங்கள். மேடம் ஏப்ரலில் பிறப்பதால் அது 1943. அந்த ஆண்டைத் தனித்தாளில் எழுதி உடன் வையுங்கள். பத்திரத்தின் மேல் பேனா படவே கூடாது. மலையாளம் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டாமல் ஒரு தாளையும் கழிக்காதீர்கள்.

லேமினேஷன் வேண்டவே வேண்டாம். சூட்டில் ஒட்டியதைப் பிறகு பிரிக்க முடியாது. செல்லோ டேப் மஞ்சளாகிக் கறை விடும். ஸ்டேப்ளர் பின் துருப்பிடிக்கும். இரண்டு பருவமழையும் பெய்கிற ஊரில் பிளாஸ்டிக் கவருக்குள் ஈரம் தங்கிவிடும். மடிப்பை நீவி, பருத்தித் துணியில் சுற்றி, சுவரை ஒட்டாத மேல் தட்டில் வையுங்கள்.

இனி அழிப்பது. ஆதார் நகலை அப்படியே எடைக்குப் போட்டால் அது பொட்டலம் மடிக்கப் போகலாம். நீளவாக்கில் மட்டும் வெட்டும் மெஷினை வாங்காதீர்கள், கீற்றுகளை ஒட்டிப் படிக்கலாம். குறுக்கும் நெடுக்குமாக வெட்டுவதே நல்லது. மெஷின் இல்லையென்றால் எண்கள் துண்டாகும்படி கிழித்து, வாளித் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவிட்டுக் கையால் பிசையுங்கள். லேசர் பிரிண்ட், ஜெராக்ஸ் எழுத்து தண்ணீரில் கரையாது. பிசைந்து கூழாக்காவிட்டால் ஊறவைத்தும் பயனில்லை.

பிறகு சேர்த்தது: ஏடிஎம் சீட்டு வெப்பத்தாளில் (சூட்டில் எழுத்து தோன்றும் தாளில்) அச்சானது. அதைத் தென்னை மூட்டு (மரத்தடி) உரக்குழியில் போடாதீர்கள்; பூச்சில் ரசாயனம் உண்டு. கடை ரசீதும் அதே தாள்தான், நாளடைவில் எழுத்து மங்கிவிடும். வாரண்டி உள்ளதை இன்றைக்கே ஜெராக்ஸ் எடுங்கள். பழைய ஏடிஎம் கார்டில் சிப்பையும் கறுப்புப் பட்டையையும் தனித்தனியாக வெட்டுங்கள்.